தலைமாட்டுக் கயிறு

இஷ்பெல் வீட்டுக்குள் நுழைந்து ஈரக் கோட்டைக் கழற்றுவதற்குள் அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னடி, கிளாஸ்கோவுல செத்தவங்க எல்லாரும் சௌக்கியமா?"

அப்பா ஹியூ டெனன்டுக்கு அவள் தேடல் பிடிக்கவில்லை. நாலு வயதில் கிளாஸ்கோ நகராட்சிக்காரர்கள் அவரைக் கப்பலேற்றி, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள இந்த டைரீ தீவில் ஒரு விவசாயி வீட்டில் வளர விட்டிருந்தார்கள். அந்த வீட்டார் வயிறாரச் சோறு போட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்ன 'ஆத்தா வேண்டாம்னு விட்ட பிள்ளை' என்ற சொல், எழுபது வருஷமாகியும் அவரைவிட்டுப் போகவில்லை. பெற்றவள் பெயரை அவர் வாயால் சொல்லி இஷ்பெல் கேட்டதில்லை. அந்தச் சொல்லை எப்படியாவது பிடுங்கி எறிய வேண்டுமென்றுதான் கிளாஸ்கோ ஆவணக் கூடத்தில் பிறப்பு இறப்புப் பதிவுகளோடு ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கம்மா ஜெஸ்ஸி உங்கள வேண்டாம்னு விடலப்பா. காசநோய். ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்க. அதுக்கப்புறந்தான் உங்கள இங்க அனுப்பியிருக்காங்க."

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"என்ன வயசு?"

"இருபத்தாறு."

"சின்னப் பொண்ணு" என்றார். தன் தாயைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது. முகம் தளர்ந்து, ஏதோ சுமையை இறக்கி வைத்தவரைப் போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

அத்தோடு நிறுத்திவிடலாமென்று கப்பலில் வரும்போதெல்லாம் நினைத்தாள். நிறுத்தினால் பாதி உண்மை பொய்யாகிவிடும் என்றும் தோன்றியது.

"நீங்க பொறந்தப்புறம் அவங்க ரென்னின்னு ஒருத்தரக் கட்டிக்கிட்டாங்க. ஒரு பையன். அவனையும் இதே தீவுக்குத்தான் அனுப்பியிருக்காங்கப்பா. குடும்பப் பேரு வேற. நீங்க அண்ணன் தம்பின்னு ரெண்டு பேருக்கும் யாரும் சொல்லல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அது யாரென்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மேற்குக் கோடியில் தனியாக வாழ்ந்த சாண்டி ரென்னி. அவனும் கிளாஸ்கோ பிள்ளைதான் என்பது ஊரறிந்தது. மாட்டுச் சந்தையில் ஒரு கிடாரிக்காக இருவரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு, பிறகு வருஷக்கணக்கில் வழியில் கண்டாலும் முகம் திருப்பிப் போனார்கள். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவன் இறந்தான்.

"பெட்டியக் குழிக்குள்ள எறக்கறப்போ தலைமாட்டுக் கயிறு நெருங்கின சொந்தத்துக்குத்தான்" என்றார் ஹியூ. "சாண்டிக்குச் சொந்தம்னு யாராவது இருக்கீங்களான்னு பாதிரியார் கேட்டாரு. யாருமே அசையல. அவரே பிடிச்சாரு." தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நான் கால்மாட்டுல நின்னேன், இஷ்பெல். அங்கதான் நின்னேன்."

"உங்களுக்குத் தெரியாதேப்பா."

"தெரியாமயே போய்ச் சேர்ந்திருப்பேன். ஏண்டி தேடின?"

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அவர் கிழங்கைச் சீவி முடித்தார். இருவரும் சாப்பிட்டார்கள்.

காலையில் அவரே வண்டிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். கல்லறைத் தோட்டத்துக்குள் காற்று ஆளைத் தள்ளியது. சாண்டிக்குக் கல் வைக்க ஆளில்லாததால் ஒரு மரப்பலகைதான். கல்லறை மேட்டின் தலைமாட்டில், காற்றுக்கு ஒதுங்கி, ஒரு பெட்டை ஆடு படுத்திருந்தது. இஷ்பெல் அதை விரட்டக் கை ஓங்கினாள்.

"இருக்கட்டும், விடு" என்றார் அப்பா. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, ஈரப்புல்லில் அந்த ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் அசைபோடத் தொடங்கியது.