மூக்குத்தி மீன்

எடப்புளி நாட்டில் அர்த்தனாரியைப் போலச் சுத்தக்காரன் கிடையாது. அந்தக் குணம்தான் அவன் குடியைக் கெடுத்தது. வெள்ளைக்காரத் துரை ஆற்று மடுவோரம் முகாம் போட வருகிறார், இடத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று தையில் தண்டோரா போட்டார்கள். ஊரே சோம்பிக் கிடக்க, இவன் ஒருவன்தான் ஆற்றில் இறங்கினான். மடுவில் விழுந்து கிடந்த நாவல் கட்டைகளை இழுத்துப் போட்டான், பாறாங்கற்களைப் புரட்டிக் கரையேற்றினான், தண்ணீர்மேல் கவிந்த புங்கங்கிளைகளை வெட்டினான். துரை வந்தார், கால் கழுவினார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். கட்டைகள் அடுப்புக்கும், கற்கள் மாட்டுக்கொட்டாய்ச் சுவருக்கும் ஆயின.

சித்திரை வெயில் மறைப்பில்லாமல் மடுவில் இறங்கியது. தண்ணீர் சுட்டது. மீன்கள் ஒன்றுவிடாமல் போய்விட்டன.

அவை சாமி மீன்கள். யாரும் பிடித்துத் தின்பதில்லை. வேண்டுதல் பலித்தவர்கள் ஒன்றைப் பிடித்து, மூக்கில் சின்னப் பொன்வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். மகள் அத்தாயி காய்ச்சலில் பிழைத்ததற்காக அர்த்தனாரியின் மனைவி சென்னம்மாளும் முந்தின ஆடியில் அப்படி ஒன்றை விட்டிருந்தாள். அந்த மீன் மடுவில் இருக்கும்வரை மகளுக்கு ஒன்றும் ஆகாது என்பது அவள் நம்பிக்கை. அது போனதும் அவள் புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்பிடம் சொன்னாள்.

"களி ஆறுது. திங்கறவங்க வந்து திங்கலாம்."

அர்த்தனாரி களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். மீன்களைத் தேடி ஆற்றோடு கீழே நடந்தான். ஓரிடத்தில் மட்கிய மரம் சாய்ந்து, தாழைப்புதர் மூடி, இலைக்குப்பை நிறைந்து கிடந்தது. பார்த்ததும் சுத்தம் பண்ண அவனுக்குக் கை அரித்தது. குனிந்தால், மரத்தடி நிழலில் மீன்கள் கூட்டமாக நின்றன. தான் குப்பையென்று வாரிப் போட்டது அதுகளின் வீடு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

மறுநாளே கொட்டாய்ச் சுவரைப் பிரித்தான். அடுப்படியில் எரிந்தது போக மிஞ்சிய கட்டைகளைத் தூக்கினான்.

"இனிமே கைய வெச்சுத்தான் எரிக்கோணுமாட்ட இருக்குது" என்று சென்னம்மாள் அடுப்பிடம் சொன்னாள்.

பக்கத்துக் காட்டுப் பெருமாயி கரையில் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஏனப்பா, தையில கூட்டுன, இப்பக் குப்ப கொட்டறயா?"

"மீனுக்கு ஊடு கட்டறேனுங்க அக்கா."

"குடிபோறன்னிக்கு எங்களுக்கும் சோறு உண்டா?"

அவன் கற்களை மடுவில் உருட்டி, கட்டைகளைக் குறுக்கே சாய்த்து, கரையில் தாழை நட்டான். வெட்டிய புங்கன் தழைக்கும்வரை நிழலுக்கு மூங்கில் பந்தலும் போட்டான். ஆனியில் மழை பிடித்தது. புதுவெள்ளத்தில் மீன் மேலேறும் என்பார்கள். ஏறியதா என்று கலங்கல் தண்ணீரில் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டன்று சாமி மீன்கள் இரை தின்ற பிறகுதான் ஊரில் அடுப்பெரியும். எல்லோரும் பசியோடு கரையில் நின்றார்கள். சென்னம்மாள் தினைமாவை உருட்டிப் போட்டாள். ஒன்றும் வரவில்லை. பெருமாயி தொண்டையைச் செருமினாள். பிறகு கட்டைக்கடியிலிருந்து ஒரு மீன் எட்டிப் பார்த்தது, இன்னொன்று, பின்னாலேயே ஒரு கூட்டம் வந்து மாவைத் தின்றது. ஊர் அடுப்பு மூட்ட ஓடியது.

சென்னம்மாள் மட்டும் நகரவில்லை. வந்த மீன் எதற்கும் மூக்கில் வளையம் இல்லை. கடைசி உருண்டையை அத்தாயி கையில் கொடுத்தாள். குழந்தை அதைக் கட்டையோரம் போட்டது. நிழலுக்குள்ளிருந்து பெரிய மீன் ஒன்று நிதானமாக வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. மூக்கில் பொன் மின்னியது.

சென்னம்மாள் அழுதே விட்டாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, அடுத்த தைக்கும் எந்தத் தொரையாச்சும் வாராருங்களா?"

இத்தனை நாள் அடுப்புக்குப் போன பேச்சு தன்னிடம் திரும்பியதில் அர்த்தனாரிக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பினான்.

"வந்தா நம்மூட்டு வாசல்ல கால் கழுவிக்கட்டும் சாமி."