தனியாக வேலைக்கு வந்த வலது கை

பிரஸ்காரரின் வலது கை மணிக்கட்டோடு துண்டான மறுநாள் காலை, வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்தது. அவர் வரவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தார். கை மட்டும் வாயிற்கதவுக்கு அடியில் இருந்த சந்து வழியாக நுழைந்து, விரல்களால் ஊர்ந்து, காவலாளியின் செருப்பைச் சுற்றிக்கொண்டு போய், சுவரில் ஏறி, வருகைப் பதிவு மிஷினில் கட்டைவிரலை வைத்தது. மிஷின் பச்சை விளக்கைக் காட்டியது. பச்சை எரிந்தால் உள்ளே விட வேண்டும், சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். காவலாளிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அவ்வளவுதான். அவர் விட்டுவிட்டார்.

அது கதவுக் கீல் செய்யும் பட்டறை. தகட்டை அச்சில் வைத்தால் மேலிருந்து பிரஸ் இறங்கி ஒரே அடியில் வெட்டி வளைக்கும். அந்த மாதிரி மிஷின்களில் இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது என்று மிஷின் செய்தவன் யோசித்திருக்கிறான். சூப்பர்வைசரும் யோசித்தார். வலது பொத்தானை அழுத்தியபடியே கம்பி போட்டுக் கட்டிவிட்டால், இடது கை பொத்தானைப் பார்த்துக்கொள்ளும், வலது கை தகடு மாற்றிக்கொண்டே இருக்கும், வேலை இரண்டு மடங்கு ஓடும். கட்டினார். ஓடியது. ஒரு மதியம் பிரஸ்காரரின் கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கியது. ரத்தம் கூரைத் தகரம் வரைக்கும் தெறித்தது. அவர் அலறிய அலறலில் பக்கத்து மிஷின்காரன் தன் மிஷினை நிறுத்தினான். நிறுத்தியதற்காக அவனுக்குத் திட்டு விழுந்தது. ரத்தம் பட்ட கீல்களைக் கழுவித் துடைத்து அன்றைக்கே லாரியில் ஏற்றினார்கள். அவை இப்போது யார் யார் வீட்டுக் கதவிலோ இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் கையை ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தார்கள். காலையில் வாளி காலியாக இருந்தது. வார்டு ஆயா தெருநாயைச் சந்தேகப்பட்டாள்.

கை நன்றாக வேலை செய்தது. தகட்டை வைக்கும், தாவி இடது பொத்தானில் உட்காரும், பிரஸ் இறங்கும், மறுபடி தகட்டுக்குத் தாவும். டீ குடிக்கப் போகவில்லை, ஒன்றுக்குப் போகவில்லை, வம்பளக்கவில்லை. சம்பளம் கேட்க அதற்கு வாயும் இல்லை. முதலாளி முதல் நாள் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்த நாள் நின்று பார்த்தார். அதற்கடுத்த நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். "ஆளை விட இது தேவலாம் போலிருக்கே" என்று அவர் சூப்பர்வைசரிடம் சொன்னது அந்த வரிசை முழுக்கக் கேட்டது. அதன் பிறகு எல்லா மிஷின்களிலும் வலது பொத்தானுக்குக் கம்பி விழுந்தது, வேகத்தையும் கூட்டினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் இன்னும் மூன்று பேருக்குக் கை போனது. ஒருவன் புது மாப்பிள்ளை. துண்டான கையைத் தானே பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனான். பாதி வழியில் அது மடியிலிருந்து இறங்கிப் பட்டறைக்கே திரும்பிவிட்டது. நாலு கைகள் இரண்டு ஷிப்ட் பார்த்தன. கை போனவர்கள் வெளியே நின்றார்கள்.

பிரஸ்காரரின் கைக்கு மட்டும் கூடுதலாக ஒரு குணம் இருந்தது. யாராவது எதிர்த்துப் பேசினால் அது மிஷினை விட்டுப் பாய்ந்து அறையும். சம்பளம் தாமதம் என்று குரல் உயர்த்திய ஒரு பாரம் தூக்குபவரின் முன்பல் இரண்டும் அப்படித்தான் போயின. இன்னொருவரின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தி வைத்திருந்தது; அவர் மூத்திரம் போகும் வரைக்கும் விடவில்லை. முதலாளிக்கு இதுவும் பிடித்துப்போனது. பட்டறையில் யாரும் வாயைத் திறப்பதில்லை என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

காயம் ஆறி பிரஸ்காரர் வேலை கேட்டு வந்தபோது சூப்பர்வைசர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். "உன் இடம் காலியா இல்லப்பா. உன் கைதான் உட்கார்ந்திருக்கே. உன்னை நாங்க வேலைய விட்டுத் தூக்கவே இல்லையே, அப்புறம் எப்படி மறுபடி சேர்த்துக்கிறது?" நஷ்ட ஈடும் அதே கணக்கில் கிடையாது என்றார். வேறு இடத்தில் வேலை தேடினால், எல்லா இடத்திலும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் கொடுக்கும் டாக்டர் மொட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பட்டறைக்குப் போன் போட்டு விசாரித்தார், பிறகு உதட்டைப் பிதுக்கினார். "கை எங்க இருக்குங்கிறது முக்கியமில்லங்க. வேலை செய்யுதா இல்லையா? செய்யுதுல்ல?" பிரஸ்காரரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது மனைவி தையல்கடைகளுக்குப் பொத்தான் துளை தைத்து, காஜா எடுத்துக் கொடுத்ததால்தான். அவள் சட்டை சட்டையாகக் காஜா எடுத்துக் கண் எரிய உட்கார்ந்திருப்பாள், அவர் எதிரில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போக ஒரு வேலை.

கடைசியில் கையையே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று துணிந்து பட்டறைக்குள் போனார். மிஷின் பக்கத்தில் குனிந்து, இடது கையை நீட்டி, நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். கை ஒரு விநாடி நின்றது. பிறகு எழும்பி அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தது. அவர் விழுந்தார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இன்னும் அறைந்தது. உதடு கிழிந்து, மூக்கு உடைந்து, சட்டை நனைந்தது. சூப்பர்வைசர் காலால் தள்ளி அவரை வாசலுக்கு உருட்டினார்.

வீட்டுக்கு வந்தவரின் கன்னத்தை மனைவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஐந்து விரலும் பதிந்திருந்தன, மோதிர விரல் மட்டும் கொஞ்சம் கோணலாக. அந்தத் தடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கன்னத்தில், முதுகில், கழுத்தில் விழுந்து விழுந்து மறைந்த தடம்தான். தெருவுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் இந்தத் தெருக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் துணியை நனைத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். "எனக்குப் பரிதாபமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அது இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்." அடி வாங்குவது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் அவள்தான் அவரை மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்குக் கூட்டிப் போனாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பழைய சைக்கிள் ஸ்டாண்டில் இயங்கியது அது. ஒரு மூலையில் செயற்கைக் கால்கள் தொங்கும், ஒரு மூலையில் கண் தெரியாத ஒருவர் போனில் எங்கே என்ன வேலை காலி என்று விசாரித்துக்கொண்டிருப்பார், நடுவில் ஒரு கடைசல் மிஷின். அதை ஓட்டியது சக்கரவண்டி அக்கா. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவள். நாக்கு மட்டும் இரண்டு ஆளுக்கு இருந்தது. சான்றிதழ் ஆபீசுக்கு ஐந்து படி ஏற வேண்டும் என்பதால் அவள் கீழே வண்டியில் இருந்தபடியே கத்துவாள். தாங்க முடியாமல் குமாஸ்தா இறங்கி வருவார். பட்டறையில் கை போன மற்ற மூன்று பேரும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள்.

"கைய மீட்கணுமா, வேலைய வாங்கணுமா? ஒண்ணைச் சொல்லு" என்றாள் அக்கா.

"வேலை" என்றார் பிரஸ்காரர்.

அக்கா கடைசல் மிஷினில் ஒரு சறுக்குத் தட்டு செய்தாள். தகட்டை வெளியிலேயே தட்டில் வைத்துத் தள்ளினால் அது தானே அச்சுக்குள் போய் நிற்கும். யாரும் விரலை உள்ளே விட வேண்டாம். வலது பொத்தானுக்குப் பதில் அகலமான ஒரு மரப்பலகை, மொட்டைக் கையால் அழுத்தும்படி. இடது கை ஒரு பக்கம், மொட்டைக் கை ஒரு பக்கம், பிரஸ் இறங்கும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சங்கத்தில் வைத்து நாலு பேரும் பழகினார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனார்கள். முதலாளி பார்க்கவில்லை. மறுபடி போனார்கள். ஏழெட்டு மாதம் போய்க்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு காலை, பிரஸ்காரரின் மனைவியோடு சேர்த்துச் சங்கத்தில் இருந்த எல்லோரும் ஊன்றுகோலும் வண்டியுமாக வாயிற்கதவை மறித்து உட்கார்ந்தார்கள். லாரி வெளியே போக முடியவில்லை.

முதலாளி முதலில் இரும்புக்குழாயோடு நாலு தடியன்களை அனுப்பினார். அவர்கள் ஊன்றுகோல்களைப் பிடுங்கி அதே ஊன்றுகோல்களால் அடித்தார்கள். கண் தெரியாதவரின் காதில் ரத்தம் வந்தது. அக்காவின் வண்டியைக் கவிழ்த்தார்கள். அவள் தரையில் கிடந்தபடியே ஒருவனின் கணுக்காலைக் கடித்துச் சதையைத் துப்பினாள். புது மாப்பிள்ளை மொட்டைக் கையாலேயே ஒருவனின் தாடையைப் பெயர்த்தான். தடியன்கள் பின்வாங்குவதைப் பார்த்த முதலாளி, பிரஸ்காரரின் கையை ஏவிவிடச் சொன்னார். அது கதவுக்கு அடியில் வந்தது. வந்த வேகத்தில் ஒருவரின் கண்ணைக் கிழித்தது, ஒருத்தியின் முடியைப் பிடித்துத் தரையில் மோதியது. யார் அழுதாலும் அங்கே பாய்ந்தது. அழுகைச் சத்தம் அதற்குப் பிடிக்காது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். கூட்டம் சிதறிப்போய், வாசலில் ரத்தமும் செருப்புகளுமாகக் கிடந்தபோது முதலாளி வெளியே வந்தார். "போதும், நிறுத்து! உள்ள போ!" என்று கையைப் பார்த்து அதட்டினார்.

அதற்கு அதட்டலும் பிடிக்காது. முதலாளியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

தடியன்கள் இழுத்தார்கள், வரவில்லை. சூப்பர்வைசர் இடுக்கியால் நெம்பினார், இடுக்கி வழுக்கி முதலாளியின் தாடை கிழிந்ததுதான் மிச்சம். முகம் சிவந்து, கறுத்து, நாக்கு வெளியே வந்தது. பிரஸ்காரர் ஓடிவந்து இடது கையால் இழுத்தார்; அவருக்கும் தன் கையை விடுவிக்கத் தெரியவில்லை. பிடிக்கத்தான் தெரிந்திருந்தது. அப்போது அவர் மனைவி, நெற்றியில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல கம்பிய அவிழ்க்கச் சொல்லுங்க. எல்லா மிஷின்லயும்" என்றாள்.

சூப்பர்வைசர் இடுக்கியோடு உள்ளே ஓடினார். கம்பிகள் அறுபடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"நாலு பேருக்கும் வேலை. அக்கா செஞ்ச தட்டு மாட்டணும். இனி யார் வந்தாலும் அவங்களுக்கு ஏத்த மாதிரி மிஷினை மாத்தணும், மிஷினுக்கு ஏத்த மாதிரி ஆளை வெட்டக் கூடாது." முதலாளி கண்ணாலேயே சரி என்றார்.

"அம்மா, செத்துருவாரும்மா, சீக்கிரம்மா!" என்று திரும்பி வந்த சூப்பர்வைசர் கதறினார்.

"சாக மாட்டார். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்" என்றாள் அவள். "நான் தாங்கியிருக்கேன்."

வாசலில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டார்கள். தெருக்காரர்களும் இருந்தார்கள். பிரஸ்காரர் தலை குனிந்துகொண்டார். அவள் அந்தக் கையின் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து, அதன் நுனியைப் பின்பக்கமாக வளைத்தாள். பெரிதாகப் பலம் எதுவும் போடவில்லை. கை விட்டுவிட்டது.

முதலாளி பிழைத்தார், குரல் மட்டும் திரும்பவில்லை. அதனால் பட்டறைக்கு ஒரு குறையும் வரவில்லை. நாலு மிஷின்களில் சறுக்குத் தட்டு ஏறியது. அடுத்த சில வருஷங்களில் சங்கத்திலிருந்து இன்னும் பலர் வேலைக்குச் சேர்ந்தார்கள், அக்கா பட்டறைக்கே மிஷின் மாற்றிக் கொடுக்கும் ஆளாகச் சம்பளம் வாங்கினாள். எந்த மிஷினில் கம்பி கட்டினாலும் எல்லா மிஷினும் சேர்ந்து நின்றுவிடும்படி சூப்பர்வைசரை வைத்தே ஒயரிங் செய்ய வைத்தாள். டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். வேலை இல்லாமல் போன மற்ற மூன்று கைகளும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. புது மாப்பிள்ளையின் கை குழந்தையைத் தொட்டிலில் தட்டித் தூங்கவைக்கிறது. ஒன்று சப்பாத்திக்கு மாவு பிசைகிறது. இன்னொன்று சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறது என்று புகார் உண்டு.

பிரஸ்காரர் இடது கையால் சாப்பிடவும் எழுதவும் சட்டைப் பொத்தான் போடவும் பழகிக்கொண்டார். மனைவி ஒவ்வொன்றையும் காஜா எடுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடது கை ஒரு தடவைகூட ஓங்கியதில்லை. இருந்தாலும் அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வரும்போது வலது கையும் கொஞ்சம் பின்தள்ளி ஊர்ந்து வரும். தெருமுனையில் நிற்கும். அவள் வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து அதைப் பார்ப்பாள். அது திரும்பிப் போய்விடும். மழை நாளில் அது முனையில் நிற்கும்போது யாராவது அதன்மேல் ஒரு பழைய தகரத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் அந்த முனையில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துப் போகிறார்கள்.