பதிவு எண் 8,416

பல்கலைக்கழகத்தின் தொல்லியல், மானிடவியல் அருங்காட்சியகத்தில் பதிவு எண் 8,416 ஒரு பெயின்டர். அவர் அங்கே வேலைக்கு வந்தவர் அல்ல, மனைவிக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர். மனைவி அங்கே இருபத்திரண்டு வருடமாக எண் எழுதும் அம்மாள். எந்தப் பழம்பொருள் வந்தாலும், கண்ணை உறுத்தாத ஒரு ஓரத்தில் வார்னிஷ் தடவி, அதன்மேல் மையால் எண் எழுதி, மறுபடி வார்னிஷ் பூசி, பதிவேட்டில் ஏற்றுவது அவர் வேலை. அந்தச் செவ்வாய்க்கிழமை, ஆளுயரச் சிலைகளிலிருந்து உடைந்த சுடுமண் கைகள் முப்பத்தொன்பது அவர் மேசையில் கிடந்தன. சிலைகள் எங்கே போயின என்று மூன்று பேராசிரியர்கள் ஏற்கெனவே சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். காலையெல்லாம் ஒரு இரும்புக் கேட்டுக்குச் சுடுமண் நிற ரெட் ஆக்சைடு அடித்த பெயின்டர், கையைக்கூடக் கழுவாமல் வந்து, அதே மேசையில் சாய்ந்து தூங்கிப்போனார். அம்மாளின் கண்ணாடி பழுது பார்க்கப் போயிருந்தது. முப்பத்தொன்பதுக்கும் எழுதிய கை நாற்பதாவதற்கும் எழுதியது, முழங்கைக்கு உள்பக்கமாக, முத்து முத்தாக. பதிவேட்டில் ‘சுடுமண் கை, உடைந்தது’ என்று ஏறியது.

மாலை ஐந்து மணிக்கு வாசலைத் தாண்டப் போன பெயின்டரைக் காற்று உள்ளே திருப்பி அனுப்பியது. அதில் அங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. எண் விழுந்த பொருள் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் அந்த வாசலைத் தாண்டாது. முன்பு ஒருவன் ஒரு செப்புக் குடத்தைத் திருடிவிட்டு, அதைக் கீழே வைக்க மனசில்லாமல் இரண்டு நாள் வாசற்படியிலேயே நின்றான், பெருக்க வந்தவர்கள் அவனைச் சுற்றிப் பெருக்கினார்கள். அசிட்டோன் போட்டுத் தேய்த்ததில் பெயின்டரின் தோல் சிவந்ததே தவிர எண் அசையவில்லை. பதிவேட்டிலோ அடித்தல் திருத்தலுக்கு இடமே கிடையாது. இயக்குநர் பெரிய மனது பண்ணி, மூன்றாம் கூடத்தில் ஈட்டிகளுக்கும் மீன்வலைகளுக்கும் நடுவே அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தார். அது போதாது. மகளுக்கு நாற்பது நாளில் கல்யாணம். அப்பா பக்கத்தில் நிற்காமல் திருமணப் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

பொருள் நீக்கக் குழு கூடியது. இவருக்கு நூறு வயதுகூட ஆகவில்லை, மானிடவியலுக்குத் தள்ளுங்கள் என்றார்கள் தொல்லியல்காரர்கள். எங்கே கிடைத்தார் என்பதற்கே ஆதாரமில்லை, எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்றார்கள் மானிடவியல்காரர்கள். முப்பது நாளும் இரண்டு டின் பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு விதிப் புத்தகத்தில் ஒரு வழி அகப்பட்டது. பொருள் எந்தப் பயனுமற்றது என்று எண் எழுதியவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெளியே விடலாம். எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மாள் இருபத்தாறு வருடமாகத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவந்ததும் அதைத்தானே. ஆனால் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தவருக்கு இரண்டு நாளாகியும் பேனா நகரவில்லை.

மகள் நேரே வந்து கத்தினாள். “ஒண்ணுத்துக்கும் உதவாத மனுஷன்னு தினம் காலையில சொல்றதுதானேம்மா? அதைத்தானே எழுதச் சொல்றாங்க!”

“சொல்றது வேற, எழுதறது வேறடி. இத்தனை வருஷத்துல நான் ஒரு வரி தப்பா எழுதினதில்ல.”

“சுடுமண் கைன்னு எழுதினியே?”

“அது கண்ணாடி இல்லாம எழுதினது. இப்ப போட்டிருக்கேன்.”

பெயின்டர் ஸ்டூலிலிருந்தே, “எழுதிடேன், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்” என்றார்.

“காட்சிப் பொருளெல்லாம் பேசக் கூடாது, சும்மா இருங்க” என்றார் அம்மாள். அப்போது அவர் அழுதுகொண்டிருந்தார், அதை மறைக்கவும் இல்லை. பிறகு அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து இரவல் படிவத்தை எடுத்தார். வேறு நிறுவனங்களுக்குப் பொருள் அனுப்பும்போது நிரப்புவது. இரவல் பெறுபவர் என்ற இடத்தில் தன் வீட்டு முகவரி. காலம், ஆறு மாதம். நோக்கம், ஆய்வு. மதிப்பு என்ற கட்டத்தில் ‘வேறு கிடைக்காது’ என்று எழுதினார். இரவல் படிவத்தை எந்த இயக்குநரும் படித்ததில்லை என்பதால் உடனே கையெழுத்தாகிவிட்டது.

விதிப்படி அவர் பஞ்சு அடைத்த மரப்பெட்டியில், ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அட்டையோடு கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கைகொடுக்க வந்த உறவுக்காரர்கள் வெள்ளைத் துணிக் கையுறை மாட்டிக்கொண்டார்கள். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது என்று சம்பந்தியே எல்லோரையும் அதட்டினார். மகள் கையெழுத்துப் போட்டபோது பெயின்டர் அழுதார், பொருளுக்கு ஈரம் ஆகாது என்பதால் அம்மாள் ஒற்றுத்தாளால் ஒற்றி எடுத்தார்.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அம்மாள் அவரைக் கூட்டிவந்து, மேலும் கீழும் பார்த்து, ‘வலது காது மந்தம், குறட்டை உண்டு, வேறு சேதமில்லை’ என்று எழுதி, மறுபடி இரவலுக்கு எடுத்துப்போவார். ஓய்வு பெற்றும் இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. புதிதாக எண் எழுத வந்தவர், பொருளைத் திருப்பித் தரும்படி ஒவ்வொரு தவணைக்கும் கடிதம் போடுகிறார். ஆய்வு இன்னும் முடியவில்லை என்று அம்மாள் பதில் எழுதுகிறார், அருங்காட்சியகமும் நீட்டித்துத் தந்துவிடுகிறது.