வெள்ளை நூல் சுற்றிய பொட்டலம்

"கையில என்னமோ இருக்கு பாரு," என்று சொல்லிக்கொண்டே அண்ணி, உயிரில்லாமல் கிடந்த தன் தம்பியின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். விரல்கள் அசைந்து கொடுக்கவில்லை. இடுக்கிலிருந்து வெள்ளை நூலின் நுனி ஒன்று வெளியே தொங்கியது.

"விடுங்க அண்ணி. அது அங்கயே இருக்கட்டும்."

"மோதிரம் கீதிரம்னா எடுத்து வைக்க வேணாமா?"

"விடுங்கன்னு சொல்றேன்ல!"

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் நாத்தனாரிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். துக்கம் இன்னும் வரவேயில்லை. வந்திருந்தது பயம். அது நேற்றுக் காலையே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அவர் கைக்குள் இருந்த அந்தப் பொட்டலத்தை எடுக்கத்தான் பார்த்தார்கள். அவள்தான் விடவில்லை.

அவள் கணவர் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். தெருவில் அவருக்கு எட்டுக்கால் சார் என்று பெயர். வீட்டின் பின்னறை முழுக்கக் கண்ணாடி டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு சிலந்தி. அவள் முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். சிலந்தி என்றாலே உடம்பு கூசும். ஏதாவது வேண்டுமென்றால் பின்னறை வாசலில் நின்றே கேட்பாள், நேற்றுவரை படியைத் தாண்டியதில்லை.

அவர் உயிரை விட்டு வளர்த்தது ஒரு பழுப்பு வகை. அதில் ஆண், ஈயைப் பிடித்து வெள்ளை நூலால் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் பெண் பார்க்கப் போகும். வெறுங்கையோடு போனால் பெண் சேர்த்துக்கொள்வது அபூர்வம். பசி நேரமாயிருந்தால் மாப்பிள்ளையே சாப்பாடு. சில கில்லாடிகள் காய்ந்த ஈத்தோலைச் சுற்றிக் கொடுத்து ஏமாற்றுவதும் உண்டு. பெண் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு கம்பி நீட்டப் பார்த்தால், ஆண் கவ்விய பிடியை விடாமல் செத்ததுபோல் விறைத்துவிடும். கால்களை நேராக நீட்டிக்கொண்டு, பெண் இழுத்த இழுப்புக்கெல்லாம் போகும். அவள் நின்று பொட்டலத்தைத் தின்ன ஆரம்பித்ததும், மெல்ல எழுந்து வந்த வேலையைப் பார்க்கும்.

"செத்த மாதிரி கிடக்கத் தெரிஞ்சவன்தான் குடும்பம் நடத்துவான்," என்பார்.

வீட்டில் சண்டை முற்றினால் அவரும் அதையேதான் செய்வார். அவளுடைய நூல்கண்டிலிருந்து திருடி எதையாவது சுற்றி, நெஞ்சில் பிடித்துக்கொண்டு, பின்னறை வாசலிலிருந்து கை எட்டும் தூரத்தில் காலை நீட்டி மல்லாந்து கிடப்பார். உள்ளே ஒரு நாள் மிட்டாய் இருக்கும், ஒரு நாள் சட்டைப் பித்தான், ஒரு நாள் வெறும் காகிதம். அவள் முறைத்துக்கொண்டே நூலைப் பிரிப்பாள். கடைசிச் சுற்று அவிழ்ந்ததும் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். சின்ன வயதில் மகள், "சண்டை போடும்மா, அப்பா செத்துப் போகட்டும்," என்று கேட்டு உயிரை வாங்குவாள். அவளுக்கு அவர் ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்திருந்தார். நிஜமாகச் செத்த சிலந்திக்குக் கால்கள் உள்ளே மடங்கிவிடும். நீட்டிக்கொண்டிருந்தால் நடிப்பு.

அந்த மகள் இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விடியற்காலை ரயிலில் வந்தவள். கண் வீங்கியிருந்தது.

"அம்மா, அப்பா எப்ப விழுந்தாருன்னு டாக்டர் கேட்டாராமே. நீ தெரியாதுன்னு சொன்னியாம்?"

"மெஷின்ல உக்காந்திருந்தேன். எனக்கெப்படித் தெரியும்?"

"அதுக்கு முன்னாடி அவரைப் பாக்கவே இல்லியா?"

"இல்ல."

சொல்லிவிட்டாள். 

பார்த்தாள். நேற்றும் சண்டைதான், ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அவர் ஈ டப்பாவை வைத்ததற்கு. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தால், வெள்ளை நூல்கண்டைக் காணோம். பின்னறை வாசலுக்குப் போனாள். அவர் தரையில் கிடந்தார், கையில் பொட்டலத்தோடு. ஆனால் ஒருக்களித்து, முழங்கால் இரண்டும் வயிற்றை நோக்கி மடங்கியிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காலை நீட்ட மறந்துட்டீங்க சார்," என்றாள். "கிடங்க அப்படியே. இன்னைக்கு நான் பிரிக்கிறதா இல்ல."

நூல்கண்டை மட்டும் எட்டி எடுத்துக்கொண்டு வந்து, கையிலிருந்த காலரைத் தைத்தாள். அதற்கடுத்ததையும் தைத்தாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே காதை அங்கேயே வைத்திருந்தாள், அவராக எழுந்து வருகிறாரா என்று. அவளாகப் போய்ப் படியைத் தாண்டியபோது அவர் கை சில்லிட்டிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த டாக்டர் அவள்மீது இரக்கப்பட்டோ என்னவோ, முடிக்கவில்லை. முடிக்காததால்தான் அந்த வாக்கியம் அவளை விடாமல் துரத்தியது.

"அக்கா, ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

கல்லூரிப் பரிசோதனைக் கூடத்து உதவியாளரான பெண் பின்னறையிலிருந்து கூப்பிட்டாள். டப்பாக்களை எடுத்துப் போக வந்திருந்தாள். எழுந்து வந்தவள் வாசலில் நின்று, பிறகு படியைத் தாண்டி உள்ளே போனாள்.

"டப்பாவைத் தூக்கும்போது நடுவுல தடுத்திருந்த அட்டை விழுந்துருச்சு. ஆணும் பொண்ணும் ஒண்ணாயிருச்சுங்க. சார் நேத்து ஒண்ணா விடறதா சொல்லியிருந்த ஜோடி. இப்பப் பிரிச்சா கடிச்சுரும். அதான், உங்ககிட்ட சொல்லாம எதுவும் செய்யக்கூடாதுன்னு..."

கண்ணாடிக்குள் பெரியது வெள்ளைப் பொட்டலத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. மறுநுனியில் சின்னது தொங்கியது, அசைவில்லாமல்.

"செத்துருச்சா?" என்றாள் அவள்.

"அதெல்லாம் இல்லக்கா. காலைப் பாருங்க, நேரா நீட்டிக்கிட்டு இருக்கு. பொண்ணு திங்க ஆரம்பிக்கட்டும், இது எந்திரிச்சுரும்."

முகத்தைக் கண்ணாடிக்கு அவ்வளவு அருகே கொண்டுபோனதை அவளே உணரவில்லை. பெரியது ஒரு மூலையில் நின்றது. பொட்டலத்தில் வாயை வைத்தது. சின்னதின் முன்கால் ஒன்று நடுங்கியது. பிறகு இன்னொன்று. அது எழுந்தது.

"வண்டி வந்தாச்சு," என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

அவள் கூடத்துக்கு வந்தபோது அவரைத் தூக்க நான்கு பேர் குனிந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே அவரை மல்லாத்தி, காலை நேராக நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். இத்தனை நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அதை இப்போதுதான் பார்த்தாள். 

"கொஞ்சம் பொறுங்க."

"யாருக்காக இன்னும்? எல்லாரும் வந்தாச்சே," என்றாள் அண்ணி.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். விரலிடுக்கில் தொங்கிய நூல் நுனியைப் பிடித்தாள்.  பிரிக்காமல் இருந்தவரை ஒன்றும் முடிந்துபோகவில்லை. பிரித்த பிறகு என்ன இருக்கிறது? இழுத்தாள். நூல் வந்தது. முடிச்சு இல்லை, அவர் எப்போதும் முடிச்சுப் போடமாட்டார், அவள் நகம் உடைந்துவிடும் என்று.

"என்னம்மா இருக்கு அதுல?" என்று மகள் தோளில் கை வைத்துக் குனிந்தாள்.

நூல் அவள் மடியில் சுருள் சுருளாக விழுந்துகொண்டிருந்தது. அவள் பொட்டலத்தைப் பார்க்கவேயில்லை. அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் பார்வை போன திசையைப் பார்த்தாள். தோளில் இருந்த கை ஒரு கணம் இறுகியது. 

கடைசிச் சுற்று அவிழும்வரை இருவரும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.