கழன்ற செருப்பு

உட்கார்ந்தபடியே தூங்கும் வித்தை தங்கைக்குக் கைவந்து ஆறு வாரமாகிறது. துணி மூட்டையைத் தூக்கப்போய் அக்காவின் முதுகெலும்பு நொறுங்கிய நாளிலிருந்து புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, பஸ் பிடித்து வேலைக்கு ஓடுவது என்று துரும்பாக இளைத்துவிட்டாள். அக்கா தையல்காரி. தெருவில் யாருக்கு என்ன அளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தன் உடம்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டாள்.

டாக்டர் அக்காவின் முதுகு எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"எலும்பு உளுத்துப் போயிருக்கு. ரெண்டு வழி இருக்கு. ஊசி வழியா உள்ள சிமெண்ட் செலுத்தலாம், மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம். இல்லன்னா முதுகைத் திறந்து கம்பியும் திருகாணியும் வைக்கணும். இந்த எலும்புல திருகாணி பிடிக்குமான்னு பயம் வேற. மூணு மாசம் கூடவே ஒரு ஆள் இருக்கணும்."

அந்த ஆள் யாரென்று யாரும் கேட்கவில்லை.

"ஊசியே போதும் டாக்டர்," அக்கா முந்திக்கொண்டாள். "ரவிக்கை தொளதொளன்னு இருந்தா இடுப்புல ஒரு பிடி பிடிச்சுத் தைப்போம். மொத்தமாப் பிரிச்சா துணி தாங்காது."

டாக்டர் சிரித்தார். "போன தடவை கால் நல்லா இருந்துது. இப்ப மரத்துப் போறது ஏதாவது? துண்டு எலும்பு நரம்பை அழுத்தினா ஊசி சரிப்படாது. திறந்துதான் ஆகணும். விட்டா கால் போயிடும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

தங்கைக்குத் தூக்கம் சட்டென்று கலைந்தது. முந்தாநாள் குளியலறைக்குப் போகும்போது அக்காவின் வலது செருப்பு கழன்றது. அது தெரியாமலே அவள் நாலு அடி நடந்தாள். இன்னொரு அலைச்சலா என்ற அலுப்பில் தங்கை பேசாமல் செருப்பை எடுத்து மாட்டிவிட்டாள். இப்போதும் பேசாமல் இருந்தால் ஊசியோடு முடிந்துவிடும், நாளை மறுநாள் தூங்கலாம். அப்படி நினைக்க வெட்கமாக இருந்தது. இருந்தும் நினைத்தாள்.

"டாக்டர், செருப்பு கழண்டது அக்காவுக்குத் தெரியல."

டாக்டர் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் வலது பாதத்தை மெல்லக் கீறினார்.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த ஓசையில் அக்கா கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தாள். "உனக்காகத்தான்டி சொல்லல. நீயும் எவ்வளவுதான் தாங்குவ?"

தங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நான் எனக்காகத்தான் சொல்லலக்கா," என்றாள்.