தளபதியோடு ஒரு சண்டை

படம் மூன்றரை மணி நேரம் ஓடும் என்று தெரிந்திருந்தால் பல் டாக்டர் வந்தே இருக்கமாட்டாள். விடுமுறை நாளில் தூங்க இருந்தவளை நாத்தனார்தான் தரதரவென்று இழுத்து வந்திருந்தாள். "பழைய போர்ப் படம் அண்ணி. பெரிய திரையில இனிமே எப்பப் போடுவாங்களோ!"

குதிரைப்படை திரையை நிறைத்துக்கொண்டு பாய்ந்தபோது டாக்டர் கொட்டாவியைப் பாதியிலேயே விழுங்கினாள். தளபதி ஆற்றைக் கடந்தான். எதிரி நெருங்கவே, பாலத்தை எரிக்கச் சொன்னான். அவனுடைய உயிர் நண்பன் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டான். பாலம் எரிந்து முடிவதற்குள் தளபதி கண்ணாடியை எடுத்து மீசையை ஒதுக்கிக்கொண்டான்.

இடைவேளையில் டாக்டர் பொரிந்து தள்ளினாள். "இவனெல்லாம் ஒரு ஹீரோவா? கூட வந்தவனை அம்போன்னு விட்டுட்டு அலங்காரம் பண்ணிக்கிறான்!"

"எரிக்கலன்னா ஊரே போயிருக்கும்ல அண்ணி?"

"அதுக்காக?"

"சரி, பிடிக்கலன்னா வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"சும்மா உக்காரு. இவன் அழியறதைப் பாத்துட்டுத்தான் வருவேன்."

அவன் அழியவில்லை, ஜெயித்தான். ஊரே தோளில் தூக்கிக் கொண்டாட, நைசாக நழுவி ஆற்றங்கரைக்குப் போனான். அக்கரையைப் பார்த்து நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். பின்னால் ஒரு சிப்பாய் வந்து நிற்க, சட்டென்று விறைத்துக்கொண்டு சொன்னான்: "குதிரையைக் கூப்பிட்டேன்." குதிரையோ அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"புளுகுறான் பாரு, படுபாவி!" என்று டாக்டர் வாய்விட்டுக் கத்தினாள். பின்வரிசையில் யாரோ "உஷ்" என்றார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து, விக்கலே எடுத்துவிட்டது.

வெளியே வந்தும் கால் தரையில் பாவவில்லை. நாத்தனாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாலம் எரியும்போது அவன் மூஞ்சி எப்படிடீ இருந்துச்சு? கோவத்துல நான் சரியாவே பாக்கல."

"நானும் உங்களைத்தான் அண்ணி பாத்துட்டிருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த காட்சிக்கு மணி அடித்தது. டாக்டர் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். "ஏங்க, ராத்திரிச் சாப்பாட்டை நீங்களே பாத்துக்கங்க. உங்க தங்கச்சி என்னை விடமாட்டேங்கிறா."

"நானா?" என்று நாத்தனார் வாயைப் பிளப்பதற்குள், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் டிக்கெட் கவுண்டரைப் பார்த்து ஓடினாள்.