கொக்கி வைத்த வேலி

நேற்றுப் பாடைக்கு முன்னால் இறைத்த பொரியைக் கூட்டிவிட்டான். வேலிக்காத்தான் முள்ளில் மாட்டியிருக்கும் சாமந்தி மட்டும் அவன் கண்ணில் படவில்லை. நான் சொல்ல மாட்டேன். அவனே பார்க்கட்டும், கையைக் குத்திக்கொள்ளட்டும்.

இசைவாணி கொல்லைக் கதவில் சாய்ந்து கொழுந்தன் கோபாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பம் பிடித்தே பழக்கமில்லாதவன் விடிந்ததிலிருந்து கரையைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

கரை என்பது பழைய ரயில் மேடு. கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப்போக, கோபாலின் தாத்தா நிலத்தில் ஒரு பட்டையை எடுத்துப் பாதை போட்டிருந்தார்கள். குவாரி மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், மேடு நின்றுவிட்டது. இருபுறத்து வயலையும் கிடங்கு கட்டும் கம்பெனிக்குப் பேசி முடித்தாயிற்று. நடுவில் இந்த மேடு மட்டும் யாருடையது என்று தெரியாமல் இழுத்தது. ரயில்வே தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. இதன்மேல் வேறு எவருக்கும் வழி கிடையாது, எந்நாளும் இருந்ததில்லை என்று பங்குதாரர்கள் கையெழுத்துப் போட்டால் கம்பெனி வாங்கிக்கொள்ளும். கோபால் போட்டுவிட்டான். இறந்துபோன அண்ணனின் பங்குக்கு இசைவாணி போட வேண்டும்.

வழி இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கத்துக் காலனியின் பிணங்கள் வயலில் இறங்கக்கூடாது என்று ஒரு காலத்தில் தடியோடு நின்றவர்கள் இந்த வீட்டு ஆண்கள்தான். ரயில் நிலம் எந்தச் சாதிக்காரனுடைய நிலமும் இல்லை. ஆகவே காலனிக்காரர்கள் கரைமேல் தூக்கிப்போனார்கள். ரயில் ஓடிய நாளில் வண்டி கடக்கும்வரை பாடையோடு காத்திருந்து போனார்களாம். சுடுகாட்டுக்கு வேறு வழி இன்றுவரை இல்லை.

நேற்று சாயங்காலம் போனது மீனம்மாளின் கணவன். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் மீனம்மாளும் இசைவாணியும் ஒரே தொட்டியில் தட்டு கழுவுகிறவர்கள். பேச்சுவார்த்தை கிடையாது. சுடுகாட்டுக்குப் போகாமல் பெண்கள் நின்றுவிடும் இடம் இவள் கொல்லைக்கு நேராக வரும். பாடை வேலியைத் தாண்டியதும் மீனம்மாள் திரும்பினாள். அழுது வீங்கிய முகம். இசைவாணி வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? எத்தினி அடி வரும்னு அளக்குறியா?"

இரவெல்லாம் அது உறுத்தியது. ஏனென்றால் அவள் அளந்துகொண்டுதான் நின்றாள். பாடை கடக்கும்போது அவள் நினைப்பு குன்றத்தூரில் இருந்தது, கோபால் வாங்கித் தருவதாகச் சொன்ன வீட்டில். அதன் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறியபின் ஹேமந்த் வந்தான். கிடங்குக் கம்பெனி அனுப்பிய சென்னை வக்கீல். கரைமேல் நடந்து போனில் படம் எடுத்துக்கொண்டே போனவன் வேலியருகே நின்றான். போன வருடம் கரைக்குக் குறுக்கே கோபால் போட்ட முள்கம்பி வேலி. எல்லாத் தூணிலும் கம்பியை முறுக்கிக் கட்டியிருக்க, ஓரிடத்தில் மட்டும் கொக்கியில் மாட்டியிருந்தது. நான்கு பேர் பாடையோடு நுழையும் அகலம். ஆட்களை மறிக்கத் துணிந்த கோபாலுக்குப் பிணத்தை மறிக்கத் துணிவு வரவில்லை. மறித்தால் அடுத்த சாவு தன் வீட்டில் விழும் என்று பயம். வேலிக்காரனிடம் அவனே சொல்லி வைத்த கொக்கி. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இது எதற்கு என்றான் ஹேமந்த். மாடு ஓட்டிப்போக என்றான் கோபால். ஹேமந்த் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தான். அதில் இரண்டு பைக்குகள் நின்றன. பிறகு இசைவாணியிடம், இந்தப் பக்கம் யாராவது போவது வருவது உண்டா என்று கேட்டான்.

"அண்ணி ஷிப்ட்டுக்குப் போறவங்க சார், அவங்களுக்கு இன்னா தெரியும்? கையெழுத்துப் போடுவாங்க, அவ்ளோதான்," என்று கோபால் காகிதத்தை நீட்டிப் பேனாவை அவள் கையில் திணித்தான். ஹேமந்த் அடுத்த படத்துக்கு நகர்ந்ததும் குரல் தாழ்ந்தது. "போட்டாதான் குன்றத்தூரு. போடலன்னா இந்த வூட்ல எப்டி சோறு துன்றீங்கன்னு பாக்கறேன்."

மேட்டுக்கு அப்பால் தன் வாசலில் தலைவிரித்து உட்கார்ந்திருந்த மீனம்மாள் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கெஞ்சல் இல்லை. போடுவாய், எனக்குத் தெரியும் என்று இருந்தது.

இவளுக்காகவா நான் போடாமல் இருக்க வேண்டும்? வேலைக்குத் திரும்பியபின் தொட்டியில் முழங்கை பட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். நன்றி சொல்ல மாட்டாள். சொன்னாலும் எனக்குப் பிடிக்காது. ஆனால் யாரும் போனதில்லை என்று எழுதினால், நேற்று இங்கே நின்று அளந்த இசைவாணியும் இல்லை என்றாகிவிடும். அவள் இருந்தாள். அவளை எனக்குத் தெரியும்.

இசைவாணி பேனாவை மூடிக் காகிதத்தின்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவனிடம் நீட்டினாள்.

"நான் போடல, கோபாலு."